தொட்டுப் பிறக்கும் சிரிப்பு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நான்கிலும் மனம் ஒன்றைக் கண்டு எடைபோட்ட பிறகே சிரிப்பு வருகிறது. அக்குளில் விரல் பட்டதும் வெடிக்கும் சிரிப்புக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. இதை இலக்கண ஆசிரியரின் குறையாக நான் சொல்லவில்லை. கிச்சுகிச்சு மூட்டிப் பிறப்பது நகைதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. மனப்பாரம் இறங்கச் சிரியுங்கள் என்ற உபதேசம் மலிந்துவிட்ட காலத்தில் இது வெறும் பண்டிதக் கேள்வி அல்ல.

ஸ்ரீரங்கத்தில் தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இருக்கிறது. இராமகாதை அரங்கேறியது இங்கே என்பது ஐதீகம். இரணியன் வதைப் படலத்தில் தூணிலிருந்து சிங்கம் சிரிக்கிறது. அந்தக் கட்டத்தைக் கேட்டுப் பக்கத்துச் சந்நிதியின் மேட்டழகிய சிங்கரே தலையசைத்து ஆமோதித்தார் என்றும் கதை உண்டு. அந்தச் சிரிப்பு பிரகலாதனுக்கு அபயம், இரணியனுக்கு மரணம். ஆக, சிரிப்பு தன்னளவில் மருந்தல்ல. அது யாரிடமிருந்து யாருக்கு வருகிறது என்பதைப் பொறுத்தது.

நம் வீடுகளில் கிச்சுகிச்சுவுக்கென்றே ஒரு விளையாட்டு உண்டு. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்பு கடைந்து, வீட்டில் ஒவ்வொருவருக்கும் விரல் விரலாகப் பங்கு வைத்து, பிறகு நண்டும் நரியுமாக நம் விரல்கள் அதன் கைமேல் ஊர்ந்து அக்குளைச் சேரும். குழந்தையோ நண்டு பாதி வழியில் இருக்கும்போதே சிரிக்கத் தொடங்கிவிடும். வருவது யாருடைய விரல் என்று அதற்குத் தெரியும். முன்பின் அறியாதவன் கிச்சுகிச்சு மூட்டினால் குழந்தை பயந்து அலறும் என்று 1872இல் டார்வின் எழுதினார். தன்னைத் தானே மூட்டிக்கொள்ள முடியாது என்பதையும் அவர் கவனித்திருந்தார். நம் கையின் அசைவைச் சிறுமூளை முன்கூட்டியே கணித்துவிடுவதுதான் இதற்குக் காரணம் என்று 1998இல் லண்டனில் பிளேக்மோரும் சகாக்களும் காட்டினார்கள். இந்தச் சிரிப்புக்கு இன்னொருவர் வேண்டும். அவரிடம் பயமும் இருக்கக்கூடாது. கூச்சம் என்ற ஒரே சொல்லை உடலின் இந்த உணர்வுக்கும் வெட்கத்துக்கும் தமிழ் வைத்திருப்பது தற்செயல் இல்லை என்று எனக்குப் படுகிறது.

2016இல் பெர்லினில் இஷியாமாவும் பிரெக்ட்டும் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டினார்கள். எலிகள் நம் காதுக்கு எட்டாத உச்ச ஸ்தாயியில் குரல் கொடுத்தன. கையைத் துரத்திவந்து விளையாடின. உயரமான மேடையில், கூசும் வெளிச்சத்தில் நிறுத்தித் தொட்டபோது அந்தக் குரல் அடங்கிவிட்டது. தொடுகையை உணரும் மூளைச் செல்களின் துடிப்பும் தணிந்தது. கலவரப்பட்ட உடம்பிடம் கிச்சுகிச்சு பலிப்பதில்லை.

1995 மார்ச்சில் டாக்டர் மதன் கடாரியா பம்பாய்ப் பூங்கா ஒன்றில் ஐந்து பேருடன் சிரிப்புச் சங்கம் தொடங்கினார். கொஞ்ச நாளில் நகைச்சுவைத் துணுக்குகள் தீர்ந்துபோயின. காரணமில்லாமலே சிரிப்பது பயிற்சியாயிற்று. அங்கே போகிறவர்களுக்கு நிம்மதி கிடைப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிம்மதியைத் தருவது சிரிப்பா, அல்லது பிறர் முன் அசடாக நிற்கலாம், யாரும் எள்ளமாட்டார்கள் என்ற தைரியமா? இரண்டாவதுதான் என்பேன். பாரத்தை இறக்குவது அந்த நம்பிக்கை. சிரிப்பு அதற்கு அடையாளம்.

சொந்த அனுபவம் ஒன்று. ஒருநாள் வங்கியில் என் கவுண்டர் கணக்கு நேராகவில்லை. இருட்டிய பிறகு திருச்சியிலிருந்து பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி வீடு வந்தேன். மகள் என் உள்ளங்கையில் பருப்பு கடைந்தாள். எல்லோருக்கும் பங்கு வைத்தாள். நண்டு அக்குள்வரை வந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. 'அப்பாவுக்குக் கூசவே இல்லை' என்று அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னாள்.

மறுநாள் காலை பார்த்தால், இடித்த தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டது. ஒரு செலானில் நான் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தேன். அன்று மாலை, நண்டு முழங்கையைத் தாண்டுமுன்பே என்னால் தாங்க முடியவில்லை.