சுட்டெண் தொடக்கம்

நிரல்மொழியில் ஓர் அணியின் அல்லது பட்டியலின் முதல் உறுப்பை எந்த எண்ணால் சுட்டுவது என்பதற்கான ஏற்பாடு. 0, 1 ஆகிய இரண்டு தொடக்கங்களே பெரிதும் வழங்குகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு: கோலார் தங்கவயலில், தரைக்குக் கீழே சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் 1980இல் புரோட்டான் சிதைவைத் தேடும் கருவியொன்றை இயக்கத் தொடங்கின. 140 டன் எடை. எண்ணிக்குழாய்கள் 34 அடுக்குகள், இடையிடையே இரும்புத் தகடுகள். இந்த அடுக்குகளை ஓர் அணியில் வைப்பதாகக் கொண்டால், ஃபோர்ட்ரானின் இயல்பான வழக்கப்படி அவை 1 முதல் 34 வரை. சி மொழியில் 0 முதல் 33 வரை. சி மொழியில் தவறி 34 என்று எழுதினால் தடுப்பார் இல்லை. அணிக்கு அப்பாலுள்ள நினைவகத்தில் கிடப்பதே அளவீடாக வந்து நிற்கக்கூடும்.

1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் கணிதச் சூத்திரங்களுக்கானது. கணித அணியின் முதல் வரிசை அதற்கு 1. மேட்லேப், ஆர், ஜூலியா ஆகியவையும் அவ்வழியே. 1967இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் வடிவமைத்த பிசிபிஎல்லிலும் பின்வந்த சி மொழியிலும் சுட்டெண் வரிசை எண் அன்று, தொலைவு. சுரங்க ஆழத்தைத் தரைமட்டத்திலிருந்து அளப்பதுபோல, அணி தொடங்கும் முகவரியிலிருந்து எத்தனை உறுப்பு தள்ளி என்பதே கணக்கு. முதல் உறுப்பு தள்ளியே இல்லை, ஆகவே 0.

கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 0 தொடக்கத்துக்கு ஆதரவாக 1982இல் எழுதிய குறிப்பு முகவரியைத் துணைக்கு அழைக்கவில்லை. தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விலக்கும் வீச்சில் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தாலே நீளம் கிடைக்கும். அப்படி எழுதும்போது 34 உறுப்புகளுக்கு 0, 34 என்ற எல்லைகளே 1, 35ஐ விட நேர்த்தி என்பது அவர் வாதத்தின் சாரம். பைத்தானின் துண்டாக்கம் இம்முறையில்தான் இயங்குகிறது.

அல்கால் 60, பாஸ்கல் ஆகியவை எல்லையை நிரலாளரிடமே விட்டன; அணிதோறும் அறிவிப்பதால் குழப்பம் குறைவு. ஏபிஎல்லும் பழைய பேர்லும் தொடக்கத்தையே மாற்றும் ஒரு மாறியைத் தந்தன. அங்கே ஒரே வரிக்கு இரண்டு பொருள் வந்துவிடும். பேர்ல் இவ்வசதியை 2019இல் கைவிட்டது சரியே.

தமிழ்நாட்டு மேனிலைக் கணினி அறிவியல் பாடத்தில் உள்ள சி++, பைத்தான் இரண்டுக்கும் தொடக்கம் 0. பைத்தானில் கடைசி உறுப்பைப் பின்னாலிருந்தும் சுட்டலாம்; அந்தப் பக்கம் எண்ணிக்கை -1இல் தொடங்கும்.