பெருந்தோட்டா ரைஃபிள்களில் போல்ட் முகத்தின் ஆயுள்

யானை, காட்டெருமை வேட்டைக்கெனச் செய்யப்பட்ட போல்ட் ரைஃபிள்களைப் பற்றிப் பேசுவோரிடம் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. குண்டு பருத்தால் உதை கூடும், உதை கூடினால் போல்ட்டின் முகம் சீக்கிரம் சிதையும் என்பது அது. தோட்டாவின் அடியைத் தாங்கி நிற்கும் அந்தச் சிறிய எஃகு வட்டத்தின் ஆயுளுக்கும் தோளில் விழும் உதைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதே என் வாதம். அதன் ஆயுளைக் குறைப்பவை பிரைமரைச் சுற்றிக் கசியும் வாயுவும், முகத்தின் கடினத் தோலைச் சீவும் லேத் வேலையும்தான்.

முதலில் விசையைக் கணக்கிடுவோம். முகத்தின் மேல் விழும் பின்தள்ளு விசை, சேம்பர் அழுத்தத்தைத் தோட்டா அடியின் பரப்பால் பெருக்கினால் கிடைப்பது. 1911-இல் வந்த .416 ரிக்பியின் அடி விட்டம் ஏறத்தாழ 15 மி.மீ.; ஐரோப்பிய நெறிப்படி அதன் உச்ச அழுத்தம் 325 மெகாபாஸ்கல். அடுத்த ஆண்டு வந்த .375 எச் அண்ட் எச் மேக்னத்துக்கு விட்டம் 13 மி.மீ., அழுத்தம் 430. பெருக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட 57,000 நியூட்டன், அதாவது ஆறு டன்னுக்குச் சற்றுக் குறைவு. வெப்ப நாடுகளில் கார்டைட் மருந்தின் அழுத்தம் எகிறும் என்று அஞ்சியே ரிக்பி நிறுவனம் உறையைப் பெரிதாக்கி அழுத்தத்தைத் தாழ்த்தியது. அழுத்தத்தில் மிச்சம் பிடித்ததைப் பரப்பு திரும்ப வாங்கிக்கொண்டது.

இதைவிடத் தெளிவான சான்று 1956-இன் .458 வின்செஸ்டர் மேக்னமும் 1963-இன் .300 வின்செஸ்டர் மேக்னமும். முன்னது யானைக்கு, பின்னது மானுக்கு. உதையில் இரண்டும் வெகுதூரம். ஆனால் இரண்டும் .375-இன் அடி விட்டத்தையே கொண்டவை, அழுத்த வரம்பும் அதே 430. போல்ட் முகத்துக்கு இவை இரண்டும் ஒரே தோட்டாதான்.

இந்த விசை முகத்தை நசுக்குவதும் இல்லை. எஃகுக்கும் பித்தளைக்கும் இடையே அழுத்தம் மிஞ்சினால் விட்டுக்கொடுப்பது பித்தளை. அளவுக்கு மீறி மருந்திட்ட தோட்டாவின் உறையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், எஜெக்டர் துளையின் வடிவம் அடியில் பளபளப்பாகப் பதிந்திருக்கும். எதிரே உள்ள எஃகில் ஒரு தடமும் இராது. சேம்பர் சுவரை உறை கவ்விக்கொள்வதால் விசையில் ஒரு பங்கு முகத்துக்கு வராமலே போகிறது. எண்ணெய் பட்ட உறையோ மழையில் நனைந்த உறையோ இந்தக் கவ்வலை இழந்து முழு விசையையும் பின்னே அனுப்பும். அப்போதும் அடி வாங்குபவை பூட்டுக் காதுகளே, முகம் அல்ல.

முகம் உண்மையில் கெடுவது பிரைமரின் ஓரத்தில். பெரிய ரைஃபிள் பிரைமரின் விட்டம் 5.3 மி.மீ. அதன் குழி தளர்ந்திருந்தால் எரியும் வாயு மயிரிழை இடைவெளியில் பீறிட்டு எஃகை அரிக்கும். பலமுறை நடந்தபின் குத்தூசித் துளையைச் சுற்றி, சரியாக அந்த விட்டத்தில், சிறு குழிகளாலான வளையம் தெரியும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். பிரைமர் துளைபட்டால் சேதம் குத்தூசித் துளையின் விளிம்புக்கே வருகிறது. விளிம்பு அகன்றதும் பிரைமரின் உலோகம் துளைக்குள் பிதுங்குகிறது. பிதுங்கியது எளிதில் கிழிகிறது, கிழிசலில் மறுபடி வாயு. ஒரு சேதம் அடுத்ததற்கு வழி திறக்கிறது என்பதால்தான் இதை அற்பம் என்று விடக்கூடாது என்கிறேன். குளோரேட் கலந்த பழைய பிரைமர்கள் கூடவே பொட்டாசியம் குளோரைடு உப்பையும் விட்டுச்செல்லும். அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். எண்ணெய் துடைத்தால் போகாது, தண்ணீரில்தான் கரையும்.

இனி லேத் வேலை. 1898 மவுசரின் போல்ட் சுமார் 17.8 மி.மீ. விட்டமுள்ளது. அதன் முகம் 12 மி.மீ. அடியுள்ள 8×57 தோட்டாவுக்கு அமைந்தது. அதை ரிக்பிக்காக 15-க்கு அகலப்படுத்தினால் சுற்றுச்சுவர் ஏறத்தாழ 2.8 மி.மீ.யிலிருந்து 1.3-க்கு மெலிகிறது. இந்தச் சுவர் பின்தள்ளு விசையைத் தாங்குவதில்லை; உறை வெடித்தால் வாயுவை மறிப்பதே அதன் வேலை. ஆகவே மெலிவு அன்றாடச் சுடுதலில் தெரியாது. அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. பழைய மவுசர் போல்ட்கள் மேல்தோல் மட்டும் கடினப்படுத்தப்பட்ட, உள்ளே மென்மையான எஃகு. குழிகளை நீக்க முகத்தில் ஒரு வெட்டு எடுப்பவர் அந்தத் தோலையே சீவி, பிரைமருக்கு எதிரே மென் எஃகை நிறுத்திவிடுகிறார்; போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா தடுத்து நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரமான ஹெட்ஸ்பேஸும் கூடிவிடுகிறது. துளைக்குக் கடின எஃகுப் புஷ் இடுவது இதைவிட நூறு மடங்கு நல்ல சிகிச்சை.

கென்ய வேட்டைக்காரர் ஹாரி செல்பியின் புகழ்பெற்ற .416 ரிக்பி, மேக்னம் நீளமுள்ளதில் அல்லாமல் சாதாரண மவுசர் அமைப்பில் கட்டப்பட்டு, பல பத்தாண்டுகள் உழைத்தது. ஒரு ரைஃபிளை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனால் அகலப்படுத்திய முகம் தன்னளவில் அற்பாயுள் கொண்டது என்ற கூற்றுக்கு அது தடையாக நிற்கிறது.

ஐரோப்பியச் சோதனை நிலையங்கள் உச்ச வரம்பைவிட 25 விழுக்காடு கூடிய அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை இடுகின்றன. அந்த முத்திரை வலிமைக்குச் சான்று, அரிப்புக்கு அல்ல. பழைய பெருந்தோட்டா ரைஃபிளை மதிப்பிடும் அறிக்கையில் பிரைமர் வளையத்தின் நிலை, துளையின் விட்டம், சுற்றுச்சுவரின் தடிமன், முகத்தின் கடினம் ஆகியவையும் ஹெட்ஸ்பேஸோடு சேர்த்துப் பதியப்பட வேண்டும்.