பாக்கே ஒலிப்பதிவுகள்

டச்சு இசை ஆய்வாளர் ஆர்னால்டு பாக்கே (1899–1963) 1938-இல் தென்னிந்தியாவில் திரட்டிய நாட்டார் பாடல், சடங்கிசைப் பதிவுகளும் மௌனப்படச் சுருள்களும். இவற்றின் தனித்தன்மை ஓர் ஒப்பீட்டில் விளங்கும்: பழைய அமெரிக்க ப்ளூஸ், நாட்டுப்புறப் பாடல்களை 1952-இல் 84 பதிவுகளாகத் தொகுத்தவர் ஹாரி ஸ்மித். அவர் எடுத்துக்கொண்டவை முன்பே கடைகளில் விற்ற இசைத்தட்டுகள். பாக்கேயுடையவை ஆய்வுக்கென்றே எடுக்கப்பட்டவை. 1984-இல் பாக்கேயின் மாணவர் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் அவர் சென்ற தடத்திலேயே போய், பழைய கலைஞர்களையும் வாரிசுகளையும் தேடி, எது நிலைத்தது, எது மாறியது என்று பதிவுசெய்தனர். மூலப் பதிவுகளைவிட இந்த மறுபயணமே தமிழ் ஆய்வாளருக்குக் கூடுதல் பயன் தருவது. 1982-இல் தொடங்கப்பட்டு, இப்போது குருகிராமில் உள்ள அமெரிக்க இந்தியவியல் நிறுவன இசை ஆவணக்காப்பகத்தில் பாக்கே பதிவுகளின் படிகள் உள்ளன.