குவளை சொன்ன சாட்சியம்

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் அரண்மனைச் சுவடிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை அரசர் எழுதுவித்தவை. அன்றாடங்காய்ச்சிகளின் வரலாற்றை எழுதிவைத்தவர் யார்? அதற்கும் ஆவணங்கள் உண்டு. பழைய சாமான் கடையின் மூலையில் தூசி படிந்து கிடந்த அத்தகைய ஆவணமொன்றைப் படித்தறிய முயன்ற கதையையே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

இங்கிலாந்து நகரங்களில், தரும காரியங்களுக்குப் பணம் சேர்ப்பதற்காகப் பாவித்த பொருள்களை விற்கும் கடைகள் பல உள்ளன. இலண்டனில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் அத்தகைய கடையொன்றில் 4 பவுண் கொடுத்துக் குவளையொன்றை வாங்கினேன். சாம்பல் நிறம், ஒற்றைக் கைபிடி, உடலெங்கும் சிறு நெளிவுகள். காந்தம் ஒட்டவில்லை. அடிவிளிம்பைக் காகிதத்தில் உரசியபோது பென்சில் கீறியது போலக் கோடு விழுந்தது. பியூற்றர் என்னும் கலப்புலோகம் அது என்பதும், அதிலே காரீயம் கலந்திருக்கிறது என்பதும் புலனாயின.

நம் பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் பூசுகிறார்களே வெள்ளீயம், அதுவே பியூற்றரின் மூலப்பொருள். அதனோடு சிறிது செம்பு சேர்த்தால் தட்டுகளுக்கு உகந்த உயர்ந்த பியூற்றர். காரீயம் சேர்த்தால் விலை குறைந்த, மென்மையான பியூற்றர்; குவளைகளும் குடுவைகளும் பெரும்பாலும் அதில்தான் வார்க்கப்பட்டன. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷெபீல்ட் நகரத்தார் அந்திமனி சேர்த்து, 'பிரித்தானியா உலோகம்' எனக் கடினமான ஒரு வகையை உருவாக்கினர். அது காகிதத்தில் இவ்வாறு கோடு விடாது. ஆக, என் குவளை பழைய வழிவந்தது.

காரீயம் மலிவு, வெள்ளீயம் விலை கூடியது. கலவையில் எது எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாது. ஏமாற்றுவதற்கு இதைவிட வசதி வேண்டுமா? எனவேதான் இலண்டன் பியூற்றர் வினைஞர்கள் 1348ஆம் ஆண்டிலேயே கலவைக்கு விதிகள் வகுத்தனர். பின்னர் நான்காம் எட்வேர்ட் மன்னரின் சாசனம் பெற்ற அவர்களது சங்கம், பிற ஊர்ப் பட்டறைகளையும் சோதனையிட்டது. ஒவ்வொரு வினைஞரும் தம் முத்திரையைச் சங்கத்தின் தகட்டில் குத்திப் பதிய வேண்டும். 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் பழைய தகடுகள் அழிந்தன. அதன் பின்னர் தொடங்கிய தகடுகள் இன்றும் உள்ளன. பழம்பொருள் ஆராய்வோர் முதலில் நாடுவது அவற்றைத்தான்.

ஆனால் என் குவளையில் வினைஞரின் முத்திரை இல்லை. சங்கத்தின் பிடி தளர்ந்துபோன காலத்துத் தவறணைக் குவளைகள் பலவற்றில் அது இருப்பதில்லை. அப்படியானால் காலத்தைக் கணிப்பது எப்படி?

தராசை எடுத்தேன். குவளையை விளிம்புவரை நீரால் நிரப்பி நிறுத்து, வெறுங்குவளையின் நிறையைக் கழித்தேன். 568 கிராம், அதாவது ஒன்றேகால் இறாத்தல் வந்தது. பழைய இங்கிலாந்தில் வைனுக்கு ஓர் அளவு, பியருக்கு ஓர் அளவு. வைன் பைந்து ஏறத்தாழ 473 மில்லிலீற்றர். பியர்ப் பைந்து ஏறத்தாழ 577. இக்குழப்பத்தை ஒழித்து, 568 மில்லிலீற்றர் கொண்ட ஒரே பைந்தை நிலைநாட்டிய சட்டம் 1824இல் நிறைவேறி, 1826 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. எனவே குவளை பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது.

அடுத்து விளிம்பைப் பூதக்கண்ணாடியால் நோக்கினேன். ஒரு கிரீடம், அதன் கீழ் டபிள்யூ, ஆர் என்னும் எழுத்துகள். 1830 முதல் 1837 வரை ஆண்ட நான்காம் வில்லியம் மன்னரின் குறி. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கிரீடம். விக்டோரியா மகாராணியின் வி, ஆர். கீழே ஓர் இலக்கம். 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே நாடெங்கும் ஒரே மாதிரியான, இலக்கமிட்ட முத்திரை வழக்கத்துக்கு வந்தது. சில ஊர்களில் பழைய அச்சை மன்னர் மறைந்த பின்னரும் பாவித்ததுண்டு; ஆதலால் ஆண்டைத் துல்லியமாகச் சொல்வதற்கில்லை. எனினும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இக்குவளை தவறணையில் ஊழியம் செய்திருக்கிறது எனலாம்.

இம்முத்திரைகளைக் குத்தியவர்கள் நிறுவை அளவைப் பரிசோதகர்கள். 1835ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நியமிக்கப் பணித்தது. பியூற்றர் மென்மையானது. அடியை உள்நோக்கி இலேசாகத் தட்டிவிட்டால் கொள்ளளவு குறைந்துவிடும். அரிசி அளக்கும் கொத்தின் அடியைத் தட்டிவைக்கும் வியாபாரியை நாம் அறியோமா? ஒவ்வொரு குவளையிலும் ஒரு வாய் குறைந்தால் குடிப்பவனுக்குத் தெரியாது. மாத முடிவில் தவறணைக்காரனின் பெட்டிக்குத் தெரியும்.

குற்றம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. அக்காலத்தில் பியரைக் குவளையோடு வீடுகளுக்கு அனுப்புவார்கள். வெறுங்குவளைகளைப் பையன்கள் பின்னர் சேகரித்து வருவார்கள். இடையில் அவை களவு போயின. குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகமாதலால் அடையாளத்தை அழிப்பது எளிது. 'ஓல்ட் பெய்லி' நீதிமன்றத்தின் பழைய வழக்கேடுகளில் பியூற்றர்க் குவளை திருடியவர்கள் வரிசையாக வருகிறார்கள். சிலருக்குச் சவுக்கடி, சிலருக்கு நாடுகடத்தல். நாம் செம்பிலும் குடத்திலும் பெயர் வெட்டுவிப்பது போலத் தவறணைக்காரர் குவளைகளில் பெயரும் வீதியும் வெட்டுவித்தது இதனாலேயே. என் குவளையின் அடியில் இரண்டு முதலெழுத்துகளும் 'வீதி' என்னும் சொல்லும் மட்டுமே தேயாமல் எஞ்சியுள்ளன.

கடையில் நின்ற முதியவர் வேறொரு கதை சொன்னார். கடற்படைக்கு ஆள் பிடிப்போர் குடிப்பவனின் குவளைக்குள் இரகசியமாக ஒரு சிலிங்கைப் போடுவார்களாம். அதை எடுத்தால் அவன் அரசனின் கூலியை ஏற்றவனாவானாம். அதனால்தான் கண்ணாடி அடி வைத்த குவளைகள் வந்தனவாம். சுவையான கதைதான். ஆனால் வலுக்கட்டாயமாகவே ஆளை இழுத்துச் செல்லச் சட்ட அதிகாரம் பெற்றிருந்தவர்களுக்கு இந்தத் தந்திரம் எதற்கு? கதைகள் பொருளின் விலையைக் கூட்டும். தடயங்களே அதன் வயதைச் சொல்லும்.

"மினுக்கி வைத்தால் வெள்ளி மாதிரி இருக்கும், அண்ணை" என்றார் உறவினர். நான் உடன்படவில்லை. அழுத்தித் தேய்த்தால் கருமையோடு மென்மையான முத்திரைகளும் போய்விடும். அவை போனால் இது வெறும் உலோகம். காரீயம் கலந்திருப்பதால் இதில் பருகுவதும் ஆகாது. மென்மையான துணியால் துடைத்து வைப்பதே தகும்.

இதில் பருகியவர்களின் பெயர் எதுவும் எஞ்சவில்லை. சுமை தூக்கியவர்களும் வண்டியோட்டியவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். உழைத்த காசுக்கு அவர்கள் கேட்டது ஒரு பைந்து. ஒரு பைந்தே கிடைக்க வேண்டும். அந்தச் சிறிய நீதிக்காக ஒரு நாடு பல தடவை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பரிசோதகரின் முத்திரைகள் அடியிலே மறைவாக இல்லை. விளிம்பில், கைபிடிக்கு அருகே, குவளையை உயர்த்துபவனின் கண்ணில் படும் இடத்திலேயே குத்தப்பட்டிருக்கின்றன.