துறைமுகமும் ஒரு செயலிழந்த மரபணுவும்

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் செல்வோர் எவரும் அங்கே மேயும் புள்ளிமான்களைக் காணாது திரும்புவதில்லை. சில காலத்துக்கு முன் மாணவர்களை அழைத்துக்கொண்டு அக்கோட்டைக்குச் சென்றிருந்தோம். இத்துறைமுகத்துக்காகப் போரிட்ட ஐரோப்பிய மாலுமிகள் பலர் பீரங்கிக் குண்டுக்கன்றி, காயும் கனியும் கிட்டாமையால் வரும் ஸ்கர்வி நோய்க்கே பலியாயினர் என்று கூறிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு மாணவி கேட்டாள்: “கோடையில் இந்த மான்கள் காய்ந்த புல்லைத்தானே தின்கின்றன? இவற்றுக்கு ஏன் அந்த நோய் வருவதில்லை?”

கேள்வி எளியது. ஆயினும் அதன் விடையில் இத்துறைமுகத்தின் வரலாறும் மனித இனத்தின் நெடிய வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

1782ஆம் ஆண்டு ஜனவரியில் பிரித்தானியத் தளபதி எட்வேட் ஹியூஸ் இத்துறைமுகத்தை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார். அவ்வாண்டு ஓகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் அதனைப் பறித்துக்கொண்டார். மறு ஆண்டு ஜூன் 20ஆம் நாள் கடலூருக்கு அப்பால் இரு படைகளும் மீண்டும் பொருதின. ஹியூசிடம் 18 போர்க்கப்பல்கள் இருந்தன. சஃப்ரெனிடம் 15 மட்டுமே. எனினும் பின்வாங்கிச் சென்னைக்குச் சென்றவர் ஹியூசே. குடிநீர் குறைந்திருந்தது, மாலுமிகளிடையே ஸ்கர்வி பரவியிருந்தது. பீரங்கிகள் இருந்தன; அவற்றை இயக்கும் கரங்கள் தளர்ந்திருந்தன.

அந்நோய் கொடியது. பல்லீறு வீங்கிக் குருதி கசியும். பற்கள் ஆடி விழும். என்றோ ஆறிய புண்களும் மீண்டும் வாய் திறக்கும். 1740இல் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதியுடன் புறப்பட்ட ஏறத்தாழ 1,900 பேருள் 1,300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றவை நோய்கள், அவற்றுள்ளும் முதன்மையாக ஸ்கர்வியே. இம்மாலுமிகள் யார்? தெருக்களிலும் துறைமுகங்களிலும் பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஏழைகளும் அவர்களுள் இருந்தனர். உப்பிட்ட இறைச்சியும் வரண்ட விசுக்கோத்துமே அவர்களது உணவு. வசதி படைத்த அதிகாரிகளோ தமக்கெனத் தனி உணவுப் பொருள்களை ஏற்றிக்கொண்டனர்.

மருந்து அறியப்படாததன்று. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் பன்னிரண்டு நோயாளரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். 1753இல் அவர் தம் நூலை வெளியிட்டார். ஆனால், கடற்படை முழுவதற்கும் எலுமிச்சைச் சாறு வழங்க ஆட்சியாளர் இசைந்தது 1795இலேதான். இடைப்பட்ட 42 ஆண்டுகளில் மாண்டவர் எத்தனை ஆயிரவரோ!

இம்மாற்றத்துக்கு வழிவகுத்த சோதனைகளுள் ஒன்று நம் கரையோடு தொடர்புடையது என்பது கருதத்தக்கது. 1794இல் ‘சஃபோக்’ என்ற போர்க்கப்பல் இடையில் எத்துறையிலும் தங்காது 23 வாரங்கள் ஓடிச் சென்னையை அடைந்தது. அதிலிருந்தோர் யாவருக்கும் நாள்தோறும் எலுமிச்சைச் சாறு வழங்கப்பட்டது. ஸ்கர்வி பெருநோயாக மூளவில்லை. அறிகுறி கண்ட சிலரும் சாற்றின் அளவைக் கூட்டியதும் குணமாயினர். அமைதி உடன்படிக்கையால் ஒல்லாந்தர் வசம் மீண்டிருந்த திருகோணமலையை 1795 ஓகஸ்டில் பிரித்தானியர் மறுபடியும் கைப்பற்றியபோது, தளபதி ரெய்னியரின் தலைமைக் கப்பலாக வந்து நின்றது இதே சஃபோக்தான். துறைமுகத்தை வென்றது எலுமிச்சை என்று நாம் கூறவில்லை. ஆனால், மாலுமியின் உயிரைக் காக்கும் அறிவு, அவன் உயிருக்காக அன்றிப் பேரரசின் தேவைக்காகவே இறுதியில் ஏற்கப்பட்டது என்று கூறலாம்.

இனி, மாணவியின் கேள்விக்கு வருவோம். பழத்திலுள்ள அப்பொருளை 1928இல் சென்ட்-ஜியோர்ஜி பிரித்தெடுத்தார். அதுவே விற்றமின் சி என்பது 1932இல் தெளிவாயிற்று. மான், ஆடு, நாய் முதலிய பெரும்பாலான பாலூட்டிகள் இதனைத் தம் ஈரலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. கல்கத்தாப் பல்கலைக்கழகத்து அறிஞர் ஐ. பி. சாட்டர்ஜி, எந்தெந்த உயிரினங்கள் இத்திறனுடையன, எவை அதனை இழந்தன என்பதைப் பரிணாம வரிசையில் வைத்து 1973இல் விளக்கினார். மனிதனும் குரங்கும் கினிப்பன்றியும் இழந்தவை. இவ்வாக்கத்தின் இறுதிப் படியை நடத்தும் நொதியம் நம் உடலில் இல்லை.

அந்நொதியத்துக்கான மரபணு நம்மிடம் அறவே இல்லையா? இருக்கிறது, ஆனால் சிதைந்து கிடக்கிறது. 1994இல் ஜப்பானிய அறிஞர் நிஷிகிமியும் உடனுழைத்தோரும் மனிதரின் எட்டாம் நிறமூர்த்தத்தில் அதன் எச்சத்தைக் கண்டனர். பல பகுதிகள் மறைந்து, எஞ்சியவையும் பிழைபட்டுப் பொருளிழந்த ஏட்டுச்சுவடி போன்றது அது. இத்தகையனவற்றைப் போலி மரபணுக்கள் என்பர். 1977இல் ஒரு தவளையினத்தில் கண்டதற்கு முதன்முதலாக இப்பெயர் இடப்பட்டது. மனித மரபுத் தொகுதியில் இவை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை. சில இன்றும் பிற மரபணுக்களின் இயக்கத்தில் தலையிடுகின்றன என்பதும் இப்போது தெரிந்துள்ளது.

ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன், குரங்குகளுக்கும் மனிதருக்கும் பொதுவான மூதாதையிடத்தில் இம்மரபணு செயலிழந்தது. நம் காடுகளில் வாழும் தேவாங்கின் குடும்பம் அதற்கு முன்பே தனிக் கிளையாகப் பிரிந்துவிட்டதால், அத்திறன் அக்குடும்பத்தில் எஞ்சியுள்ளது. கனியும் தளிரும் நாள்தோறும் உண்ட உயிருக்கு அவ்விழப்பு ஒரு குறையாகத் தோன்றவில்லை. ஆகவே இயற்கைத் தேர்வு அதனைக் களையவில்லை. காடு கொடுத்த வரையில் குறை மறைந்திருந்தது. மனிதனைக் கனியினின்று பிரித்து, மாதக்கணக்காய்க் கப்பலில் அடைத்தபோதுதான் அது நோயாக வெளிப்பட்டது.

இங்கேதான் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். முன்பு தலைவிதி என்றும் பிறவிப் பயன் என்றும் கூறி ஏழையின் நோய்க்குச் சமாதானம் சொன்னார்கள். இன்று அவ்விடத்தில் மரபணுவை வைத்து, ‘எல்லாம் பிறப்பிலேயே எழுதப்பட்டது’ என்போர் உளர். ஸ்கர்வி அவர்களுக்குத் தக்க விடையளிக்கிறது. செயலிழந்த இம்மரபணு தளபதிக்கும் உண்டு, கூலிக்கும் உண்டு. சாதியோ இனமோ மொழியோ அதற்கு விலக்கன்று. குறை அனைவருக்கும் பொது. நோய் மட்டும் வறியோரையே தேடிச் சென்றது. உருளைக்கிழங்கையே நம்பி வாழ்ந்த அயர்லாந்து உழவரை, பயிர் அழிந்த 1840களின் பஞ்சத்தில் அது தரையிலேயே தாக்கியது. வணிகக் கப்பல் தொழிலாளருக்குத் தரமான சாறு கிடைப்பதை உறுதிப்படுத்த 1867ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மாறாதிருந்தது மரபணு, மாறியது உணவு, அதனைப் பங்கிட்ட நீதி.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் நம் நாட்டில் காய்கறி விலை ஏறியபோது, எத்தனை வீடுகளில் சோற்றுக்கு அருகே கறியின் இடம் வெறுமையாகக் கிடந்தது என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். மானின் ஈரல் மானுக்குத் தருவதை, மனிதனுக்கு மனித சமுதாயமே தந்தாக வேண்டும். நெல்லியும் தேசிக்காயும் முருங்கைக்கீரையும் விளையும் மண்ணில் அது அரிய செயலன்று. இயற்கை நமக்குள் விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்புவது பொதுக் கடமை. அந்த மாணவிக்கு நாம் அளித்த விடை இதுவே.