மூன்று மணங்கு

19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாக் கடைவீதியில் ஒரு மணங்கு சரக்கை நிறுத்து வாங்கிய வியாபாரி, அதில் ஒரு பிடிகூடக் குறையாமல் கப்பலேற்றிக் கொண்டுவந்து சென்னைப் பட்டணத்துத் தராசில் வைத்திருந்தால், அது மூன்று மணங்குக்கு மேல் நின்றிருக்கும். இதில் இந்திரஜாலம் ஒன்றுமில்லை. வங்காளத்து மணங்கு 82 ராத்தலுக்குச் சற்று அதிகம். பம்பாய் மணங்கு 28 ராத்தல். சென்னை மணங்கு 25 ராத்தல். வாங்குகிறவனைக் காக்கும் சட்டம் என்றால் 1986-இல் நிறைவேறிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த ரக்ஷணையின் ஆதி சரித்திரத்தைக் கோர்ட்டுக் கட்டடங்களில் தேடுவதைவிடப் படிக்கல்லில் தேடுவதே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் அளித்த பொன் ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டதென்றும், நெல்லை அளப்பது ராஜகேசரிக்கு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்காலென்றும் அங்குள்ள சாஸனங்கள் கூறுகின்றன. அளவையின் பெயரைச் சொல்லாத தானம் நிலைக்காது என்பது அந்த ராஜாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. இதைக் காட்டி, சோழர் காலத்திலேயே அளவைகளெல்லாம் ஒன்றுபட்டிருந்தன என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. எனக்கோ நேர்மாறாகத் தோன்றுகிறது: இன்ன மரக்கால் என்று கல்லில் வெட்டி வைக்க வேண்டிய அவசியம், வேறு மரக்கால்களும் புழங்கிய நாட்டில்தான் உண்டாகும்.

40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம் என்றும், 8 ஆழாக்கு ஒரு படி என்றும் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நெட்டுருச் செய்தார்கள். தகராறு வாய்பாட்டில் இல்லை. பெரிய படி ஒன்று, சின்னப்படி ஒன்று என்று ஊருக்கு ஊர் பாத்திரம் மாறியது. பாத்திரம் மாறாத இடத்திலும், தலைதட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்பதில் கைப்பிடி அரிசி வந்துபோனது. வாங்கும்போது குவித்தும் விற்கும்போது வழித்தும் அளக்கத் தெரிந்தவனுக்குக் கள்ளப்படி வேறு எதற்கு? முதற்படியை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவது நம் களங்களில் வழங்கிவந்த மங்கலமான வழக்கம். அந்த லாபம் யாருக்கு என்பதை மட்டும் அளக்கிறவனுடைய கையே தீர்மானித்தது.

கம்பெனி சர்க்கார் 1833-இல் 180 கிரெயின் எடையுள்ள ரூபாயையே தோலாவாகக் கொண்டு வங்காளத்தின் எடைகளை ஒழுங்கு செய்தது. மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த 1871-இல், இங்கிலாந்து தன் கடைவீதியில் புகவிடாத கிலோகிராமுக்கு ‘சேர்’ என்று நம் நாட்டுப் பெயரைச் சூட்டி, அதையே தேசமெங்கும் பிரமாணமாக்கும் சட்டம் ஒன்று நிறைவேறியது. அடுத்த வருஷமே அவர் அந்தமானில் கொலையுண்டார். சட்டமோ அமலுக்கு வராமலே புஸ்தகத்தில் கிடந்தது. பிறகு 1939-இல் 80 தோலா ஒரு சேர், 40 சேர் ஒரு மணங்கு என்று விதித்த சட்டம், சுதேச சமஸ்தானங்களையும் தீண்டவில்லை, நம் படியையும் மரக்காலையும் தீண்டவில்லை. அது எடைக்கு மட்டுமே பிறந்த சட்டம். போதாததற்கு, பிரமாணத்தை நிர்ணயிப்பது மத்திய சர்க்காரின் வேலை, கடையில் அதை அமல் செய்வது மாகாணத்தின் வேலை என்று 1935-ஆம் வருஷத்து அரசியல் சட்டம் பிரித்திருந்தது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சாஸனமும் அந்தப் பாகப்பிரிவினையையே ஏற்றுக்கொண்டது.

முதலில் மாறியது நாணயம். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 நயா பைசா ஆயிற்று. ஓர் அணாவுக்கு 6 நயா பைசா, நாலணாவுக்கு 25. ஆகவே நாலணாவை ஒவ்வோர் அணாவாக மாற்றியவனுக்கு ஒரு பைசா நஷ்டம். எடையைப் பற்றிய சட்டம் 1956-இல் நிறைவேறி, 1958 அக்டோபர் 1 முதல் சில பிரதேசங்களில் அமலுக்கு வந்து, பின்னர் படிப்படியாக 1962 ஏப்ரலுக்குள் நாடெங்கும் கிலோகிராம் கட்டாயமாயிற்று. இந்தியாவின் அன்றைய மூலப் பிரமாணமான 57-ஆம் எண் கிலோகிராம் டில்லியில் தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறது. வீசை என்றால் 1 கிலோ 400 கிராம் என்று மளிகைக்காரர் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டிருப்பார். படிதான் சங்கடம். முகந்து அளந்த பொருளை இனி நிறுத்து விற்க வேண்டுமென்றால், ஒரு படி அரிசியும் ஒரு படி அவலும் ஒரே எடை ஆகுமா? பழைய அரிசிக்கும் புது அரிசிக்குமே எடை ஒத்துவராதபோது, எந்த வாய்பாட்டை அச்சடித்துக் கொடுத்தும் இல்லத்தரசிகளின் சந்தேகத்தைத் தீர்த்திருக்க முடியாது. கிலோ வந்து வெகுகாலம் ஆகியும் அடுக்களையில் உலை அரிசியை ஆழாக்கால் அளந்து போட்டதற்கு, பழக்கத்தின் பிடிவாதத்தோடு இந்த நியாயமும் ஒரு காரணம்.

பிரமாணம் ஒன்றானாலும் அதைக் காவல் காக்கும் கைகள் பலவாகவே இருந்தன. சென்னை ராஜ்யம் 1958-இல் தனக்கென ஓர் அமலாக்கச் சட்டம் செய்துகொண்டது. மற்ற ராஜ்யங்களும் தத்தமக்கு ஒன்று செய்துகொண்டன. ஒரு ராஜ்யத்து ஆலையில் பொட்டலமாகி இன்னொரு ராஜ்யத்துக் கடையில் விலைபோகும் பண்டம் பெருகிய பிறகு இந்த ஏற்பாடு தாங்கவில்லை. அரசியல் சாஸனத்தின் 42-ஆவது திருத்தம் அமலாக்கத்தைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 1976-இல் புதிய சட்டமும், 1977-இல் பொட்டலத்தின் மேல் நிகர எடை முதலியவற்றை அச்சிடச் சொன்ன விதிகளும், 1985-இல் நாடு முழுவதற்கும் ஒரே அமலாக்கச் சட்டமும் வந்தன. இவற்றுக்குப் பதிலாக வந்த 2009-ஆம் வருஷத்துச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரையிடுகிற முத்திரை ஆய்வாளர் தொழிலாளர் துறையைச் சேர்ந்தவர்.

அந்த முத்திரை விழாத அளவுகோல் ஒன்று மாலை வேளையில் கோயில் வாசலில் இன்னும் நீள்கிறது. மல்லிகைச் சரத்தை முழங்கையில் பிடித்து விரல் நுனிவரை இழுத்து, “ஒரு முழம்” என்று கிள்ளுகிறாள் பூக்காரி. மீட்டரையும் சென்டிமீட்டரையும் தவிர வேறு நீளம் அறியாத சட்டத்துக்கு முழம் ஓர் அளவே அல்ல.

“உன் கை சின்னதா இருக்கே, இன்னும் ரெண்டு கண்ணி விட்டுக் குடும்மா” என்கிறாள் வாங்குகிறவள். பூக்காரி சிரித்துக்கொண்டே விட்டுக் கொடுக்கிறாள்.