எண்ணிக்கையில் விடுபட்ட பிள்ளை

பரமார்த்த குருவும் அவர்தம் சீடர் ஐவரும் ஆற்றைக் கடந்த கதையைக் கேளாது வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் அரியர். கரையேறியதும், எல்லாரும் வந்து சேர்ந்தோமா என்று ஒருவன் எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் கணக்கில் ஐவரே தேறுகின்றனர். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று அனைவரும் ஓலமிட்டு அழுகின்றனர். அவ்வழியே வந்த ஒருவன், கூலி பேசிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைக்கிறான். அடி வாங்கியவன் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அறுவரும் கணக்கில் சேர்ந்தார்கள்.

இக்கதையை எழுதியவர், 1680-இல் இத்தாலியில் பிறந்து, தமிழ் மண்ணில் உழைத்து, 1747-இல் இறைவனடி சேர்ந்த இயேசு சபைத் துறவியாம் வீரமாமுனிவர் என்பதை வாசகர் அறிவர். குழந்தைகளுக்கென்று அவர் இதனை எழுதினாரல்லர். ஐரோப்பாவிலிருந்து வரும் குருக்கள் மக்களின் பேச்சுத் தமிழைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவர் மறைந்து 75 ஆண்டுகள் சென்றபின், 1822-இல், பெஞ்சமின் பாபிங்டன் என்பார் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அதனை அச்சேற்றினார். குருக்களுக்கு எழுதிய நூலைப் பிள்ளைகள் தமக்கென எடுத்துக்கொண்டனர். 3615 பாக்கள் கொண்ட தேம்பாவணியை நாம் போற்றுகிறோம். பரமார்த்த குருவையோ படித்திருக்கிறோம். தெருவில் பேசும் மொழி அச்சில் ஏறியிருந்தது என்பதே அதன் வெற்றிக்குக் காரணம் என்போம்.

தன்னையே எண்ண மறந்த அச்சீடனை நினைக்குந்தோறும் நமக்கு வேறொரு காட்சி தோன்றுகிறது. புத்தகம் ஒன்றைத் திறக்கும் பிள்ளை அதிலுள்ள மாந்தரை எண்ணிப் பார்க்கிறது. அரசன் இருக்கிறான், அமைச்சன் இருக்கிறான், நரி இருக்கிறது, காகம் இருக்கிறது. தான் மட்டும் இல்லை. காணாமற்போன ஆட்டைத் தேடிச் சென்ற ஆயனின் உவமையை இதனோடு ஒப்பிடத் தோன்றுகிறது; ஒப்புமை நம்முடையது, முனிவருடையதன்று. ஆயினும், ஒரு பிள்ளையைத் தன் ஊராரோடும் உறவினரோடும் சேர்த்து எண்ணும் வேலையைப் புத்தகங்கள் எவ்வளவு செய்தன, எங்கே தவறின என்று தேடுவது பயனுடைய முயற்சி. அண்ணாமலையார் கோவிலின் 217 அடி இராசகோபுர நிழலிலும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஓரத்திலும் வாழும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது ஏட்டுக் கேள்வியன்று.

இளம் வயதில் படித்த நூல் ஒருவரை ஓர் ஊருக்கு உரியவராக ஆக்கிவிடும் என்பதற்குத் திருவண்ணாமலையே சான்று கூறும். மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்னும் சிறுவனுக்குப் பள்ளியில் விவிலியப் பாடம் உண்டு. வீட்டில் தற்செயலாகக் கையில் கிடைத்தது பெரிய புராணம். அறுபத்து மூன்று அடியார்களின் வரலாறு அவன் உள்ளத்தை அசைத்தது. 1896 செப்டம்பர் முதல் நாள், 16 வயதில், அவன் இவ்வூர் வந்து சேர்ந்தான். 1950-இல் மறையும்வரை இவ்வூரை விட்டு அகலவில்லை. உலகம் அவரை இரமண மகரிஷி என்று அறியும். நமக்கு இங்கே புனித இஞ்ஞாசியார் நினைவுக்கு வருகிறார். 1521-இல் பாம்பலோனாவில் காலில் குண்டடிபட்டு லொயோலாவில் படுத்திருந்தபோது, வேறு நூல் கிடைக்காமையால் கிறிஸ்துவின் வாழ்வையும் புனிதர் வரலாறுகளையும் படித்தவர் அவர். அடியார் கதைகள் இரண்டு சமயத்திலும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன.

தமிழில் அச்சு நூல் தோன்றிய வரலாற்றிலேயே பிள்ளைகள் நடுவில் நிற்கின்றனர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவரை அழைத்துச் செபங்களைத் தமிழில் கற்பித்தார். அச்சிறுவர்கள் வீட்டில் பெற்றோருக்குக் கற்பித்தார்கள். நோயாளிகளிடம் சென்று செபித்தார்கள். 1554-இல் லிஸ்பனில் ஒரு சிற்றேடு அச்சாயிற்று. தமிழ்ச் செபங்கள் உரோமை எழுத்தில் பதிக்கப்பெற்ற அதற்குக் ‘கார்த்தில்யா’ என்று பெயர். பாலபாடம் என்று நாம் சொல்லலாம். தமிழ் எழுத்திலேயே அமைந்த ‘தம்பிரான் வணக்கம்’ அண்டிரிக் அடிகளாரின் உழைப்பால் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது, பதினாறே பக்கங்கள். இவற்றைக் குழந்தை இலக்கியம் என்று கூறுவது மிகையாகும். அவை மனப்பாடத்திற்குரியவை. எனினும் கடற்கரைப் பிள்ளை ஒன்று தன் தாய்மொழியில் இறைவனை அழைப்பது நூலாகத் தக்கது என்று ஒரு சபை கருதியதே, அஃது எளிய செய்தியன்று.

நம் பகுதிக்கு வருவோம். இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள சேத்துப்பட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு நாட்டு மறைபரப்பாளர் தாராஸ் அடிகளார் உழைத்தார். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் காலம் அது. இப்பகுதியில் நம் சபையில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். ஊருக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவர்கள். திண்ணைப் பள்ளியின் வாசற்படி அவர்கள் பிள்ளைகளுக்கு மூடியே கிடந்தது. அக்குடும்பங்கள் பலவற்றில் வீட்டுக்குள் வந்த முதல் அச்சுப் புத்தகம் ‘சின்னக் குறிப்பிடம்’. கேள்வியும் மறுமொழியுமாக அமைந்த அந்தச் சிறு நூலை இன்றைய கல்வியாளர் குறைகூறுவர். நாமும் குருமடத்தில் அக்குறைகளைக் கேட்டு வளர்ந்தவர்களே. ஆனால், எழுத்தே மறுக்கப்பட்ட ஒரு பரம்பரையின் பேரன் மாலை நேரத்தில் உரக்கப் படிக்க, படிப்பறியாத பாட்டனார் அருகிலிருந்து கேட்ட வீடுகளில் அந்நூல் செய்ததை எந்தக் கல்விக் கொள்கையும் அதற்குமுன் செய்ததில்லை. அந்தப் பிள்ளை ஓர் உலகத் திருச்சபைக்கு உரியவனானான். தன் ஊருக்கு உரியவனானானா என்பது வேறு கேள்வி. குறிப்பிடத்தில் அவனுடைய ஏரியும் இல்லை, மலையும் இல்லை, கம்பங்கொல்லையும் இல்லை.

சிறுவருக்கென்றே இதழ் நடத்துவதில் நம் பிரிந்த சகோதரர்கள் முந்திக்கொண்டனர். 1840-இல் நாகர்கோவிலிலிருந்து ‘பால தீபிகை’ வந்தது. 1849-இல் பாளையங்கோட்டையிலிருந்து ‘சிறுபிள்ளையின் நேசத் தோழன்’ வந்தது. அக்காலத்து மிஷன் வெளியீடுகளில் பெரும்பகுதி ஆங்கிலச் சிறு நூல்களின் வழிவந்தவை. நல்ல காகிதம், நல்ல நோக்கம். காற்றுத்தான் வேறு நாட்டுக் காற்று.

தமிழ்ப் பிள்ளையைத் தமிழ்ப் பிள்ளையாகவே விளித்துப் பாடிய பெருமை 1915-இல் பாப்பா பாட்டை வெளியிட்ட பாரதியாருக்கும், அவரையடுத்துக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளைக்கும் உரியது. பிறகு வந்தவர் இராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா. வங்கியில் பணியாற்றிக்கொண்டே குழந்தைகளுக்காகப் பாடிய அவருடைய ‘மலரும் உள்ளம்’ 1944-இல் வெளிவந்தது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாவதற்கு அவரே முன்நின்றார். அவருடைய பாடல்களில் மாம்பழமும் யானையும் நிலவும் பிள்ளையின் மதத்தைக் கேட்பதில்லை. 1947 சூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’வும் அவ்வாறே வீடு தேடி வந்தது. விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் ஞாயிறு மறைக்கல்விப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்தோர் இன்று குருக்களாகவும் அருள்சகோதரியராகவும் இருக்கின்றனர். அதனால் அவர்களுடைய விசுவாசம் குறைந்ததாக நாம் அறியோம். அந்த இதழ் 2013-ஐ ஒட்டி நின்றுபோனது பெரும் இழப்பே.

அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளின் வாசிப்பை ஆராய்ந்த ரூடின் சிம்ஸ் பிஷப் என்னும் அம்மையார், 1990-இல் எழுதிய கட்டுரையொன்றில், நூல்கள் பிள்ளைகளுக்குச் சாளரமாகவும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்று விளக்கினார். அம்புலிமாமா நமக்கு அருமையான சாளரம். கண்ணாடி எது? சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி, மறைக்கல்விப் பிள்ளைகளிடம் பெத்லகேமை வரையச் சொன்னபோது இவ்வினாவுக்கு ஒரு விடை கிடைத்தது. பெரும்பாலோர் பனி வரைந்தனர். வாழ்த்து அட்டைகளிலும் நாம் பரிசளிக்கும் பளபளப்பான படப் புத்தகங்களிலும் பார்த்த பனி. ஒரு சிறுமி மட்டும் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னே அண்ணாமலையை வரைந்திருந்தாள். கற்பிக்க வந்தவர் அம்மலையை அழிக்கச் சொன்னார். “அது நம்ம வீட்டுப் பின்னாடி இருக்கிற மலைதானே சார்” என்றாள் அவள். பனியை அழிக்கச் சொல்லத் தோன்றாத நமக்கு, 2,668 அடி உயர மலை ஏன் அந்நியமாகத் தோன்ற வேண்டும்? கார்த்திகைத் தீபத்தன்று ஊரே நிமிர்ந்து பார்க்கும் மலை அது. வழிபாட்டில் கலந்துகொள்ளாத பிள்ளையும் நிமிர்ந்தே பார்க்கிறது. பிறப்பிடத்தை மறந்தால்தான் திருச்சபைக்கு உரியவராக முடியும் என்னும் எண்ணம், சொல்லில் வராமலே நம் பரிசுப் புத்தகங்கள் வழியாகப் பிள்ளைகளுக்குள் இறங்கிவிடுகிறது. நமக்கு இதில் உடன்பாடில்லை.

மாற்று வழி காட்டுவோர் இவ்வூரிலேயே உள்ளனர். திருவண்ணாமலை எழுத்தாளர் பவா செல்லதுரை தம் நூலொன்றுக்கு ‘19 டி.எம். சாரோனிலிருந்து’ என்று பெயரிட்டார். டேனிஷ் மிஷன் லுத்தரன் சபையார் வாழும் சாரோன் என்னும் குடியிருப்பின் பெயரை அப்படியே நூலின் முகப்பில் வைத்த துணிவு அது. சிறுவர் நூலன்று; ஆனால் அத்தெருப் பிள்ளை கடையில் அந்த அட்டையைப் பார்க்கும்போது தன் தெருவைப் பார்க்கிறது. அவரும் கே.வி. ஷைலஜாவும் நடத்தும் வம்சி பதிப்பகமும் சென்னையை நாடாமல் இங்கேயே வேர்கொண்டது. சவ்வாது மலையின் அடிவாரத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் புளியானூரில், குக்கூ காட்டுப் பள்ளியினர் ‘தும்பி’ என்னும் சிறுவர் இதழைக் கொணர்ந்தனர். அரசும் 2023-இல் வாசிப்பு இயக்கத்தைத் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு படிகளில் மெலிந்த சிறு நூல்களைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சேர்த்தது. பிள்ளையின் கைக்கு அடங்கும் நூலே முதல் நூல் என்பதை உணர்ந்தோர் செய்த வேலை.

சாகித்திய அகாதெமி 2010-இல் பால சாகித்திய விருதைத் தோற்றுவித்தபோது, தமிழில் அதனை முதலில் பெற்ற நூல் மா. கமலவேலன் எழுதிய ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’. அந்தோணி என்னும் பெயர் அட்டையிலேயே நின்றது. நம் பங்கு நூலகத்தில் அந்நூலை எடுத்துச் செல்வோரில் அந்தோணிகளும் உண்டு, அருணாசலங்களும் உண்டு. விடுமுறை நாள்களில் நூலகத்துக்கு வரும் தெருப்பிள்ளைகளில் பாதிப்பேர் நம் பங்கைச் சேர்ந்தவரல்லர். அதுபற்றி எவரும் முறையிட்டதுமில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய சின்னக் குறிப்பிடமோ, பாட்டனார் காலத்துச் சிறுவர் இதழ்களோ, புனிதர் கதைச் சுருக்கங்களோ பரண்மேல் கிடந்தால் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள். பக்கங்கள் கிழிந்திருப்பினும் குற்றமில்லை. ஓரத்தில் பிள்ளைகள் கிறுக்கி வைத்திருப்பவை, பெயர் எழுதி வைத்திருப்பவை இருந்தால் அவற்றை முதலில் உங்கள் பங்கு நூலகத்துக்குக் கொடுங்கள்.